கண்ணுக்குக் கீழே சுழி உள்ள குதிரை

“விசில் அடிக்கத் தெரியாத பொண்ணு குதிரை டாக்டரா? போய் நாய், பூனையப் பாரும்மா.”

பட்டணத்துப் பந்தய மைதானத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், லாயத்தில் எல்லார் முன்னாலும் ஏழுமலை அண்ணன் இப்படிச் சொன்னார். அவர் சைஸ். குதிரையைக் குளிப்பாட்டி, தேய்த்து, தீனி வைத்து, அதன் கூடவே படுத்து எழுகிற ஆளுக்கு அங்கே அதுதான் பெயர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். அவர் சொன்னது வெறும் கேலி இல்லை என்பது அன்று மாலையே தெரிந்துவிட்டது.

பந்தயத்தில் ஜெயித்த குதிரையின் சிறுநீரைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். ஊக்க மருந்து எதுவும் கொடுக்கவில்லை என்று உறுதியான பிறகுதான் வெற்றி செல்லும். ஓடி முடித்த நேரத்திலிருந்து டாக்டரின் கண் அந்தக் குதிரையை விட்டு அகலக் கூடாது. கொஞ்சம் நடக்கவிட்டு வேர்வை அடங்கியதும், புது வைக்கோல் பரப்பிய தனி லாயத்துக்குக் கொண்டுவருவார்கள். நீளக் கம்பின் முனையில் கட்டிய கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு டாக்டர் மூலையில் நிற்க வேண்டும். சைஸ் மெதுவாக, இழுத்து, ஒரே சுரத்தில் விசில் அடிப்பார். குட்டியிலிருந்தே அந்த ஓசைக்குப் பழகிய குதிரை காலை அகட்டி நிற்கும். சில குதிரைகள் உடனே நிற்கும். சில குதிரைகளுக்கு அடுத்த பந்தயமும் முடிய வேண்டும். சைஸுக்கு வாய் ஓய்ந்தால் டாக்டர் தொடர வேண்டும். நான் ஊதினேன். காற்றுதான் வந்தது.

“அய்ய, இது விசிலா, பஞ்சர் ஆன டியூப்பா?” என்றார் ஏழுமலை அண்ணன்.

எங்கள் ஊர் ஆந்திர எல்லையில் இருக்கும் நகரி. அப்பாவுக்கு விசைத்தறி. பெண்பிள்ளை விசில் அடித்தால் திட்டு விழுகிற தெரு அது. ஆனால் தறி ஓடும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. லீவில் போனபோது தறி ஓரமாக நின்று பழகினேன். ஒரு நாள் நூல் அறுந்து தறி நின்றபோது அப்பா திரும்பிப் பார்த்துவிட்டார்.

“இன்னா பண்ற அங்க?”

“விசில் நைனா. குதிரைக்கு.”

விவரத்தைக் கேட்டுக்கொண்டார். “டாக்டருக்குப் படிச்சிட்டு, குதிரை மூத்திரம் புடிக்கவா போன?”

“ஆமா நைனா. நான் சீல் வெச்சு அனுப்புனாத்தான் ஜெயிச்சவன் ஜெயிச்சவன்.”

“அப்போ சிந்தாம புடி” என்று சொல்லிவிட்டு அறுந்த நூலை முடிச்சுப் போடப் போனார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கையெழுத்துகூட வராது. வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, திருப்பதியில் கால்நடை மருத்துவம் படித்தது ஆங்கிலத்தில். விடுதியில் என்னை ‘அரவ அம்மாயி’ என்றார்கள், அதாவது தமிழ்க்காரப் பெண். பட்டணத்துக்குப் போனதும் ‘ஆந்திரா’ ஆகிவிட்டேன். படித்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மாட்டுக்கும் எருமைக்கும் சினை ஊசி போடக் கற்றேன். குதிரைக் காலை எலும்பாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்தேன். உயிருள்ள குதிரையைத் தொட்டது வேலைக்குப் போன பிறகுதான்.

இப்போது அந்தக் கல்லூரிப் பெண்கள் என்னை ‘ரிடையர்டு மேடம்’ என்று கேலி செய்கிறார்கள். எனக்கு இன்னும் முப்பத்தைந்து ஆகவில்லை. ஆனால் நான் வேலை பார்த்த மைதானமே இல்லாமல் போய்விட்டது. அவர்களிடம் பேசப் போனபோது, “அங்கே என்னதான் மேடம் நடந்தது? எழுதிக் கொடுங்களேன்” என்றார்கள். அதனால் எழுதுகிறேன்.

அந்த மைதானத்தின் கதை ஒன்றும் ரகசியம் இல்லை. வெள்ளைக்காரர் காலத்தில் அது ஊருக்கு வெளியே இருந்த வெட்டவெளி. துரைமார் பொழுதுபோக்குக்காகக் குதிரை ஓட்டினார்கள். பிறகு புல் போட்டு, வளைவு கட்டி, பார்க்க மேடை எழுப்பினார்கள். பந்தய நாளுக்கு என்றே ரயிலில் கூட்டம் வந்த காலம் உண்டு. எங்கள் பக்கத்திலிருந்தும், சித்தூரிலிருந்தும் ஆட்கள் போயிருக்கிறார்கள். ஜெயித்து வந்தவரைவிட நெசவுக் கூலியைத் தொலைத்துவிட்டு வந்தவர்தான் அதிகம். ‘சூதாடுற எடத்துல வேலையா’ என்று நகரியில் என்னைக் கேட்டவர்களிடம் நான் சண்டை போட்டதில்லை. அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

நகரம் வளர்ந்து மைதானத்தைச் சுற்றிக்கொண்டது. நான் சேர்ந்தபோது ஒரு பக்கம் ரயில், ஒரு பக்கம் பாலம், மேலே விமானம். நடுவில் அந்தப் பச்சை. விடியலில் குதிரைகளைப் பயிற்சிக்கு விடும்போது புல்லில் விழும் குளம்புச் சத்தம் காதில் கேட்பதற்கு முன்னால் காலில் தெரியும். கூட்டம் கத்துகிற பந்தய நாளைவிட எனக்கு அந்தக் காலைகள்தான் பிடிக்கும். பார்வையாளர் மேடை காலியாக இருக்கும். குதிரைகளும் சைஸ்களும் டீக்கடைக்காரரும் மட்டும்தான் அப்போது மைதானம்.

என் மேலதிகாரி டாக்டர் சாமுவேல். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். நான் ‘ஆந்திரா’, எனக்கு முன்னால் இருந்தவர் ‘தஞ்சாவூர்’. குதிரையைத் தொடுமுன் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுவார். பிறகு எதுவும் செய்யாமல் நிற்பார். குதிரை அவரைப் பார்த்து முடிக்கும்வரை அந்த நிற்பு. சைஸ் “இந்தக் கால்தான் சார்” என்று காட்டினால் அந்தக் காலைக் கடைசியில்தான் பார்ப்பார்.

“நல்ல காலை மொதல்ல புடி ஆந்திரா. நல்லது எப்படி இருக்கும்னு கைக்குத் தெரியலன்னா கெட்டது எப்படித் தெரியும்?”

புறங்கையால்தான் சூடு பார்ப்பார். முழங்காலிலிருந்து குளம்புவரை ஒரு முறை இறங்குவார், அவ்வளவுதான். தவறு செய்தால் கத்த மாட்டார். “ஆகா, இது திருப்பதி பாடமா?” என்பார். அதற்குக் கத்தியிருக்கலாம். மைதானத்தை நடத்தும் கமிட்டிக்காரர்கள் வந்தால் மட்டும் அவர் குரல் ஒரு படி இறங்கும். அது எனக்குப் பிடிக்காது.

பந்தய நாள் காலையில் எங்களுக்கு முதல் வேலை அடையாளம் பார்ப்பது. ஒரு குதிரையின் பெயரில் இன்னொரு குதிரை ஓடிவிடக் கூடாது. கழுத்துத் தோலுக்கடியில் சிப் இருக்கும், கருவியால் அதைப் படிக்கலாம். ஆனாலும் டாக்டர் சாமுவேல் கண்ணால் பார்க்காமல் விட மாட்டார். வெள்ளைத் திட்டு, வடு, எல்லாவற்றுக்கும் மேலே சுழி. மனிதனுக்குக் கைரேகை போலக் குதிரைக்குச் சுழி. நெற்றியில், கழுத்தில், மார்பில் முடி எந்த இடத்தில் சுற்றுகிறது என்று ஒவ்வொரு குதிரைக்கும் படம் வரைந்து வைத்திருப்போம். அதோடு ஒத்துப் பார்ப்போம்.

சாந்தினி என்ற பெண்குதிரைக்குப் படமே தேவைப்படாது. காப்பிக்கொட்டை நிறம். இடது கண்ணுக்குக் கீழே, கண்ணீர் வழிகிற இடத்தில், ஒரு சின்னச் சுழி. அத்தனை குதிரைகளில் அதற்கு மட்டும்தான் அந்த இடத்தில் சுழி. அது தலையை நீட்டியதுமே நான் அங்கே விரலை வைப்பேன். “சாந்தினி, சரி” என்பேன். ஏழுமலை அண்ணன் அதன் சைஸ். “மேடம் தொட்டா இது ஜெயிக்கும்” என்று சொல்லிக்கொள்வார். பல தடவை தோற்றும் இருக்கிறது.

ஒரு பந்தயத்தில் கடைசி வளைவில் சாந்தினி வேகம் குறைந்து வெளியே ஒதுங்கியது. குதிரைகள் ஓடும்போது உள்பாதையில் டாக்டர் வண்டி பின்னாலேயே போகும். நான் குதித்து ஓடினேன். இரண்டு பேர் பச்சைப் படுதாவைப் பிடித்து மறைத்தார்கள். கூட்டத்துக்கு அந்தப் படுதா என்றால் ஒரே அர்த்தம்தான். எலும்பு முறிந்திருந்தால் உள்ளேயே ஊசி போட்டு முடித்துவிடுவோம். அதைத் தவிர வழி கிடையாது. நான் நல்ல காலைப் பிடித்துவிட்டு அடுத்த காலுக்குப் போனேன். எலும்பு நன்றாக இருந்தது. பின்பக்கத் தசைநார்தான் கிழிந்திருந்தது. படுதாவை இறக்கச் சொன்னேன். ஏழுமலை அண்ணன் வெளியே நின்று அழுதுகொண்டிருந்தார். குதிரை நடந்து வந்ததும் என்னைப் பார்த்து, “இன்னா மேடம், இப்படியா பயமுறுத்துவ?” என்று திட்டினார்.

குளிர்ந்த நீர், கட்டு, ஓய்வு. மாதக்கணக்கில் பார்த்தோம். கால் தேறியது. ஆனால் மறுபடி பந்தயத்தில் ஓட முடியாது. நடக்கலாம், லேசாக ஓடலாம், நெடுநாள் வாழலாம்.

அந்த நிலையில்தான் மைதானம் மூடப்போகிறது என்ற செய்தி வந்தது. மைதானம் இருந்தது அரசு நிலம், அதன் குத்தகைப் பேச்சு வருடக்கணக்காக ஓடிக்கொண்டிருந்தது. யாரும் நம்பவில்லை. ஒரு நாள் வாயிற்கதவில் மூடும் உத்தரவை ஒட்டிவிட்டார்கள். ஓடும் குதிரைகள் பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் லாரி ஏறின. ஓடாதவற்றில் சிலவற்றைச் சவாரி கற்றுத்தரும் இடங்கள் எடுத்துக்கொண்டன. சாந்தினியின் கால் கட்டைப் பார்த்ததும் அவர்களும் நகர்ந்துவிட்டார்கள். அதன் முதலாளி போனில் டாக்டர் சாமுவேலிடம், “வெச்சுக்க எடம் இல்ல டாக்டர். வலியில்லாம முடிச்சிடுங்க” என்று சொல்லிவிட்டார்.

எங்கள் மைதானத்தில் அப்படி ஒரு குதிரையை முடிக்க இரண்டு டாக்டர்கள் சம்மதிக்க வேண்டும். சாமுவேல் சார் என்னைக் கூப்பிட்டார்.

“ஆந்திரா, ரெண்டாவது ஆள் நீ.”

“இதுக்கு நோவு எதுவும் இல்ல சார்.”

“நோவு இல்ல. எடமும் இல்ல. தெருவுல விட்டா லாரியில அடிபடும். இல்லன்னா எவனாவது எலும்பு தெரியிற வரைக்கும் வண்டி இழுக்க வெப்பான். எது நல்லதுன்னு நீயே சொல்லு.”

அவர் கேட்டது கொடுமையான கேள்வி இல்லை. அவர் அப்படிப்பட்ட குதிரைகளைப் பார்த்தவர். ஆனாலும் சம்மதிக்க எனக்குக் கை வரவில்லை.

“நான் மாட்டேன் சார். எடம் தேடறேன்.”

கடிகாரத்தைப் பையிலிருந்து எடுத்துக் கையில் கட்டிக்கொண்டார். “கடைசி லாரி கிளம்புற வரைக்கும் தேடு. அதுக்கப்புறம் இங்க தண்ணியும் இருக்காது, கரெண்டும் இருக்காது.”

குதிரை வைத்திருப்பவர்கள் என்று எனக்குத் தெரிந்தவர்கள் எங்கள் பக்கம் இருக்கும் ஊர்வலக்காரர்கள்தான். திருப்பதி, புத்தூர், சித்தூர் எங்கும் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு அலங்காரக் குதிரை விடுகிறவர்கள். ஒவ்வொருவருக்கும் சாந்தினியின் படத்தை அனுப்பினேன். உடனே ஆர்வமாகப் பேசுவார்கள். கொஞ்ச நேரம் கழித்து, “வேணாம் மேடம்” என்பார்கள். கால்தான் காரணம் என்று நினைத்து எக்ஸ்ரே அனுப்பினேன். தசைநார் எப்படி ஆறியிருக்கிறது என்று தமிழிலும் தெலுங்கிலும் விளக்கினேன். புத்தூர்க்காரர் ஒருவர் பாதி விளக்கத்திலேயே போனை வைத்துவிட்டார்.

கடைசியில் நேரிலேயே போனேன். சித்தூரிலிருந்து காணிப்பாக்கம் போகிற சாலையில் குப்புசாமி அண்ணனின் கொட்டில். தமிழர். மனைவி மங்கம்மா தெலுங்குக்காரி. உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார்கள். நான் காலைப் பற்றி ஆரம்பித்தேன்.

“காலு கெடக்கட்டும்மா. காலு ஆறிப்புடும்னு எனக்கே தெரியுது.” என் போனை வாங்கிப் படத்தை விரலால் பெரிதாக்கிக் காட்டினார். “இங்க பாரு. கண்ணுக்குக் கீழ.”

“சுழி. தெரியுமே. அதை வெச்சுத்தான் நாங்க அடையாளம் பாப்போம்.”

“அது அழுவுற சுழிம்மா. இதுமேல மாப்பிள்ளைய ஏத்துனா பொண்ணு வூட்டுக்காரன் என்னை ஊருக்குள்ள வுடுவானா?”

இத்தனை நாள் எல்லாரும் எதற்காக மறுத்தார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. நான் தறிக்காரர் வீட்டுப் பெண். எங்களிடம் மாடு இருந்ததில்லை. சுழி பார்த்து வாங்குவது, சுழி பார்த்துத் தள்ளுவது எல்லாம் காதில் விழுந்திருக்கிறது, கவனித்ததில்லை. எந்தச் சுழியை வைத்து ஒவ்வொரு பந்தயத்திலும் அதுதான் இது என்று உறுதி சொன்னேனோ, அதைத்தான் எல்லாருக்கும் நன்றாகத் தெரிகிற மாதிரி படம் பிடித்து அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

“அண்ணே, ஊர்வலத்துல மூஞ்சிக்குப் பட்டம் கட்றீங்க இல்ல? சுழிய மறைச்சிடலாமே.”

“மறைக்கலாம். கேட்டா இன்னா சொல்றது? நான் நம்பறனோ இல்லையோ, அவங்க நம்பறாங்க. கல்யாணத்துல ஏமாத்த சொல்றியா?”

மூடநம்பிக்கை என்று சொல்லியிருக்கலாம். அவர் என்னை மரியாதையாக எழுப்பி அனுப்பியிருப்பார், சாந்தினி செத்திருக்கும்.

கிளம்பும்போதுதான் கொட்டிலின் உள்ளே நின்ற வெள்ளைக் குதிரையைப் பார்த்தேன். விலா தெரிந்தது. தலையை இடமும் வலமும் ஓயாமல் ஆட்டிக்கொண்டிருந்தது. தொட்டியில் வைத்த தீனி வைத்தபடியே இருந்தது.

“இது?”

“ராஜா. ஜோடி போயிடுச்சும்மா மழைக்காலத்துல, வயித்து நோவு. அதுலேருந்து துன்னவே மாட்டேங்குது. டாக்டருங்க வந்து ஊசி போட்டாங்க, டானிக் குடுத்தாங்க.”

அனுமதி கேட்டுப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை. பல் நன்றாக இருந்தது. வயிற்றில் ஓசை சரியாக இருந்தது. பந்தய லாயத்தில் இப்படித் தலையாட்டும் குதிரைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். தனியாக இருக்க முடியாத குதிரைக்கு அங்கே மருந்து கொடுக்க மாட்டார்கள். பக்கத்தில் ஓர் ஆட்டைக் கட்டுவார்கள். லட்சக்கணக்கில் விலைபோன குதிரைகள் ஒரு கிழட்டு ஆட்டை நம்பித் தூங்கும். அந்த ஆடும் லாரியில் கூடவே ஊர் ஊராகப் போகும்.

இதைச் சொன்னதும் மங்கம்மா வாயைப் பொத்திச் சிரித்தார். குப்புசாமி அண்ணன் சிரிக்கவில்லை.

“அப்போ ஆடு வாங்கணும்றியா?”

“ஆடும் போதும். குதிரை இன்னும் நல்லது. அண்ணே, சாந்தினி மேல மாப்பிள்ளைய ஏத்த வேணாம். ராஜா பக்கத்துல சும்மா நிக்கட்டும். துணைக்கு நிக்கிறதுக்கும் சுழி பாக்கணுமா?”

அவர் யோசித்தார். மங்கம்மாதான் பேசினார். “ஏமய்யா, என்னைக் கட்றப்போ சுழி பாத்தியா?”

“பாத்திருந்தா கட்டியிருப்பனா?”

“வாயாடாத. பாபம், நோரு லேனி ஜீவம்.” வாயில்லாத ஜீவன் என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். “ராஜா துன்னுதுன்னா இருக்கட்டும். துன்னலன்னா ஓட்டிக்கினு போயிடணும், சரியாம்மா?”

“சரிக்கா” என்றேன். ஓட்டிக்கொண்டு போக இடம் இல்லை என்று சொல்லவில்லை.

சாமுவேல் சாரிடம் போனில் சொன்னேன். “ஊர்வலக்காரன்கிட்டயா?” என்றார். ஆட்டுக் கதையைக் கேட்டதும், “பிரயாணத்துக்குக் கட்டு நானே போடறேன். உன் கட்டு நிக்காது” என்றார்.

மறுநாள் விடிந்ததும் மண்டியிட்டு நான்கு காலுக்கும் அவரே கட்டுப் போட்டார். ஏழுமலை அண்ணன் லாரியில் குதிரையோடு நின்றே வந்தார்.

கொட்டிலில் இறக்கியதும் ராஜா வீடே அதிருகிற மாதிரிக் கனைத்தது. கயிற்றை இழுத்தது, காலை உதைத்தது. தெருவில் கூட்டம் கூடிவிட்டது. “சுழியப் பாத்துருச்சுடோய்” என்று யாரோ சொன்னார்கள். குப்புசாமி அண்ணன் முகம் இறுகியது. சாந்தினி பந்தய மைதானத்தில் வளர்ந்த குதிரை. கூச்சலும் கூட்டமும் அதற்குப் பழக்கம். திரும்பிக்கூடப் பார்க்காமல் ராஜாவுக்கு வைத்திருந்த புல்லை இழுத்து மெல்ல ஆரம்பித்தது. நாங்கள் யாரும் அசையவில்லை. ராஜா கனைப்பை நிறுத்தியது. கழுத்தை நீட்டிச் சாந்தினியின் தோளை முகர்ந்தது. தலையாட்டல் கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. அப்புறம் அதுவும் குனிந்தது, அதே புல்லுக்கட்டிலிருந்து ஒரு வாய் எடுத்தது.

“துன்னுதுடி” என்றார் குப்புசாமி அண்ணன். மங்கம்மா ஏற்கெனவே தண்ணீர் வாளியோடு போய்க்கொண்டிருந்தார்.

ஏழுமலை அண்ணன் சில நாள் அங்கேயே தங்கி, அதன் பழக்கவழக்கங்களை மங்கம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுத் திரும்பினார். இப்போது ஆட்டோ ஓட்டுகிறார். சைஸ்களில் பலரும் அப்படித்தான். டாக்டர் சாமுவேல் மகளோடு வெளிநாட்டில் இருக்கிறார். மைதானத்தில் மழைத் தண்ணீர் தேங்கக் குளம் வெட்டுகிறார்கள். ரயிலில் போகும்போது பார்த்தேன். நகரத்துக்கு அது தேவைதான், அதில் எனக்குக் கோபம் இல்லை. அங்கே இருந்த குதிரைகளில் எத்தனைக்கு இடம் கிடைத்தது, எத்தனைக்கு இரண்டாவது டாக்டர் சம்மதித்தார் என்பதை மட்டும்தான் யாரும் கேட்கவில்லை.

மூடிய பிறகு வேறு நகரத்துப் பந்தய மைதானம் ஒன்று எனக்கு வேலை கொடுத்தது. நல்ல வேலை. அப்பாவிடம் சொன்னேன். “நீ போனா அங்கயும் ஓடாத குதிரை இருக்குமில்ல?” என்று மட்டும் கேட்டார். இருக்கும். ஒவ்வொரு முறையும் கடைசி லாரிக்கு முன்னால் நான் போனைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கும். அந்த வேலை வேண்டாம் என்று எழுதிவிட்டேன். காணிப்பாக்கம் சாலையில், குப்புசாமி அண்ணன் கொட்டிலுக்கு அடுத்து, மூடிக்கிடந்த ஒரு மாட்டுப்பண்ணையைக் குத்தகைக்கு எடுத்தேன். ஊர்வலக் குதிரைகளுக்கு அங்கே வைத்தியம் பார்க்கிறேன். தார்ச்சாலையில் ஆடி ஆடி அவற்றின் குளம்பெல்லாம் வெடித்திருக்கிறது, வேலைக்குக் குறைவில்லை. பின்பக்க இடம், பந்தயத்தில் ஓடி ஓய்ந்த குதிரைகளுக்கு.

சுழி பார்க்க மாட்டேன் என்று எல்லா மைதானங்களுக்கும் சொல்லியனுப்பியிருந்தேன். இரண்டு குதிரைகள் வருகின்றன. அவை படுப்பதற்கு நேற்றே மணல் இறக்கிப் பரப்பியாகிவிட்டது. லாரி இன்று காலை பெங்களூரிலிருந்து புறப்பட்டது. சித்தூருக்கு முன்னால் வரும் பலமனேர் தாண்டியதும் போன் செய்யும்படி டிரைவரிடம் சொல்லியிருந்தேன். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே செய்துவிட்டார். கதவைத் திறந்து வைத்துவிட்டேன்.